பூமுடி போதாது

கொடைக்கானல் மலைமேல் வில்பட்டியில் எங்கள் உருளைக்கிழங்குக் காட்டு ஓரத்தில் நின்றால், மேகம் விலகிய காலைகளில் பழனிமலை தெரியும். அவ்வளவு உயரத்திலிருந்து பார்க்க, சமவெளியில் யாரோ கவிழ்த்து வைத்த கொட்டாங்கச்சி மாதிரிதான் இருக்கும். அறுபதுகளின் தொடக்கம் அது. என் வீட்டுக்காரர் நிமோனியா கண்டு கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தபோது, அந்த வரப்பில் நின்றுதான் வேண்டிக்கொண்டேன். இவரை எழுப்பி நடக்க விடு, என் தலைமுடி முழுவதும் உனக்கு.

முழுவதும் என்றுதான் சொன்னேன்.

அவர் எழுந்தார், நடந்தார், கஞ்சியில் உப்பில்லை என்று சண்டையும் போட்டார். சண்டை போடத் தெம்பு வந்துவிட்டதா, இனிப் பழனிக்குக் கிளம்பலாம் என்றேன். அப்போது தொடங்கியது வினை. அவருடைய அக்கா, என் நாத்தனார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

எங்கள் பக்கத்தில் புருஷன் உள்ள பெண்கள் முழு மொட்டை போட மாட்டார்கள். நுனியில் கொஞ்சம் கத்தரித்துக் கொடுப்பார்கள். பூமுடி என்று அதற்கு அழகாக ஒரு பெயரும் உண்டு. தாலியோடு மொட்டைத் தலையா என்று ஊர் அஞ்சும்.

"புருசன் உசுரோட இருக்கையில மொட்டை அடிச்சா, போன எமனைத் திரும்பக் கூப்புடுற மாதிரிடி. பூமுடி குடு, போதும். சாமி ஒத்துக்கும்."

"சாமி ஒத்துக்கும் மதினி. சொன்னவ நான்ல, நான் ஒத்துக்கணும்ல?"

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. நல்லாக் கேட்டுக்க. அடுத்த மாசம் எம்மவளுக்கு வளைகாப்பு. மொட்டைத் தலையோட அந்தப் பக்கம் வந்துராத."

அது உள்ளே இறங்கிவிட்டது. அந்தப் பெண் பள்ளிக்கூடம் போன வருஷங்களெல்லாம் எங்கள் வீட்டில் வளர்ந்தவள். குளிருக்கு என் முதுகில் ஒட்டிக்கொண்டு தூங்கியவள். உண்டானது தெரிந்ததுமே, "அத்தை, மொத வளையல் நீங்கதான் போடணும்" என்று சொல்லியனுப்பியிருந்தாள். முடியைக் கொடுத்தால் அந்த வளையல் போகும். வளையலைப் பிடித்துக்கொண்டால் என் வாக்குப் போகும்.

வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"எனக்காக வேண்டுனது. வேணாம்னா நன்றி கெட்டவன், சரின்னா சாகத் துணிஞ்சவன். நான் இப்பத்தான் பொழச்சு வந்திருக்கேன், என்னைய விட்ருங்க" என்று கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. பஜாரில் ராவுத்தர் கடையில் பருப்பு மடித்துத் தருகிற தாளை எழுத்துக்கூட்டிக் கூட்டிப் படித்து வந்தவள். மற்றதெல்லாம் ஜனங்கள் பேசக் கேட்டது. ஒரு பங்குனி உத்திரத்துக்குக் கதை சொல்ல வந்தவர் சொன்னதை அப்படித்தான் பிடித்து வைத்திருந்தேன். கோயில் என்பது படுத்திருக்கிற மனித உடம்பாம். கோபுரம் பாதம், கொடிமரம் முதுகெலும்பு, கருவறை சிரசு. பலிபீடத்தில் ஆட்டையும் கோழியையும் அல்ல, 'நான்' என்பதை வெட்டிப் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டுமாம். சுற்றியிருந்த பெண்களெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன். ஆனால் என்னுடைய 'நான்' எங்கே இருக்கிறது என்று வீடு வரும் வரை தேடிக்கொண்டே வந்தேன். தேடவே வேண்டியதில்லை. முதுகில் இடுப்புவரை தொங்கிக்கொண்டிருந்தது. "முடியப் பாத்துத்தான் பொண்ணெடுத்தோம்" என்று இதே நாத்தனார் ஊரெல்லாம் சொல்லி, என்னைத் தரையில் கால் பாவாமல் நடக்க வைத்திருந்தார்.

பூமுடியைவிட அதிகமாக ஒவ்வொரு நாளும் சீப்பில் வந்துவிடும். சீப்பில் வருவதையா கொடுப்பது?

வத்தலக்குண்டு இறங்கிச் சுற்றிக்கொண்டுதான் பழனிக்குப் பஸ். நாத்தனாரும் கூடவே வந்தார், கடைசி நிமிஷத்திலாவது தடுத்துவிடலாம் என்று. மறுநாள் வெள்ளனே முடிக்கொட்டகையில் போய் உட்கார்ந்தேன். நாவிதர் கத்தரியை எடுத்தார்.

"பூமுடிதான தாயி?"

"முழு மொட்டை."

அவர் என் தாலியைப் பார்த்தார். பின்னால் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "ஐயாதான் இருக்காரே தாயி?"

"இருக்காருல்ல, அதுக்குத்தான்."

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கத்தி உச்சியில் ஏறியது. முதல் கற்றை மடியில் விழுந்தபோது எனக்கும் அழுகை வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுந்திருக்கவில்லை. குளித்து, மண்டை முழுக்கச் சந்தனம் பூசி, காற்று நேராகத் தலையில் படப் படியேறினேன்.

நாத்தனார் அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பழனியில் காலையில் சாமி ஆண்டிக்கோலம், சாயங்காலம் ராஜ அலங்காரம். ஆண்டியைப் பார்த்தால் நாமும் ஆண்டியாகிவிடுவோம் என்று பலருக்குப் பயம். "நான் சாயங்காலமா ராசாவப் பாத்துக்கிர்றேன், நீங்க போங்க" என்றார்.

மேலே ஆண்டி, தண்டத்தைப் பிடித்துக்கொண்டு கோவணத்தோடு நின்றான். மொட்டை. நானும் மொட்டை. வேண்டிக்கொள்ள ஒன்றும் தோன்றவில்லை. உன்னை யாராவது அபசகுனம் என்றார்களா என்று மட்டும் கேட்டேன். இவனைக் கும்பிட வருகிறவர்கள் இவன் கோலத்துக்கே பயப்படுகிறார்களே என்று சிரிப்பு வந்தது. காலையில் நிற்பவனும் அவனே, சாயங்காலம் கிரீடம் வைப்பவனும் அவனே. எந்தக் கோலத்திலும் உள்ளே இருப்பவனுக்குக் குறைவில்லை என்றால், என் தலை மட்டும் எப்படிக் குறைந்துபோகும்? ஆண்டியைப் பார்த்துவிட்டு வந்த நாங்கள் ஆண்டியாகவும் இல்லை. அந்த வருஷமும் கிழங்கு விளைந்தது, கஞ்சிக்கு உப்புப் போதவில்லை என்று சண்டையும் நடந்தது.

வளைகாப்பு நாள் வந்தது. தலையில் பூனைமுடி மாதிரி முளைத்திருந்தது. கூப்பிடவில்லை, ஆனாலும் போனேன். கண்ணாடி வளையல் வாங்கி, பட்டுடுத்தி, முக்காடு போடாமல் போனேன். வாசலில் எல்லாக் கண்ணும் என் தலைக்கு வந்தது. யாரோ ஒருத்தி, "அந்த ஓரமா உக்காருத்தா" என்றாள். நான் உட்காரவில்லை. மணையில் இருந்தவள் என்னைப் பார்த்தாள். பக்கத்தில் ஒரு சுமங்கலி வளையலோடு காத்திருக்க, அவளைத் தாண்டிக் கையை என் பக்கம் நீட்டினாள்.

"எம்புட்டு நேரமாக் காத்துக்கிட்டு இருக்கேன், வெரசா வாங்க அத்தை."

முதல் வளையல் என்னுடையது. யாரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தாலும் போட்டிருப்பேன்.

நாத்தனார் குங்குமச் சிமிழோடு என் முன்னால் வந்து நின்றார். கொஞ்ச நேரம் என் மண்டையையே பார்த்தார்.

"பொட்டாச்சும் கொஞ்சம் பெருசா வச்சுக்கக் கூடாதா?"

"தலை முழுக்க எடம் கெடக்கு மதினி" என்று குனிந்து காட்டினேன். "எம்புட்டு வேணா வைங்க."