எங்கள் ட்ரம் செட் குடிமாறிய கதை

எங்கள் ப்ளூஸ் குழுவில் மூன்றே பேர்: கிற்றார் வாசிக்கும் கணித ஆசிரியர், ட்ரம் அடிக்கும் ஓட்டோக்காரர், பாடுகிற நான். ப்ளூஸ் என்றால் நெஞ்சு நொந்து பாடுவது என்று ஆசிரியர் விளக்குவார். விளக்கும்போதே, மத்தியானம் சாப்பிட்ட நண்டுக்கறியில் கண் சொருகும். கலியாண வீடுகளில் நாங்கள் இரண்டு பாட்டு நொந்து முடிப்பதற்குள், "பைலா ஒண்டு போடுங்க" என்று குரல் வந்துவிடும். அந்தத் துள்ளாட்டப் பாட்டைப் போடுவோம். கைதட்டு அதற்குத்தான்.

குழுவின் வரலாறு என்றால், ட்ரம் செட் எந்த வீட்டில் இருந்தது என்பதுதான். முதலில் மட்டக்களப்பில் ஆசிரியர் வீட்டு முன்னறையில் இருந்தது. கலியாணமானதும், எங்கள் பக்கத்து வழக்கப்படி அவர் மனைவி வீட்டுக்கு, களுதாவளைக்குப் போனார். கிற்றாரை உள்ளே விட்ட மாமனார் ட்ரம்மை வாசலிலேயே நிறுத்திவிட்டார். அது ஓட்டோக்காரர் வீட்டுக்குப் போனது. அவரும் மாங்கேணிக்கு மாப்பிள்ளையாகப் போனார். மீன்பிடிக் குடும்பம், அங்கே வலை வைக்கவே இடமில்லை. அவர் விட்டுப்போன வீடு தங்கைக்குச் சீதனமாகிவிட்டது. தங்கையின் புருஷனுக்கு இரவு வேலை, பகலில் தூங்க வேண்டும்.

"ஒரு மாசத்துக்குத்தான்" என்று சொல்லி என் அறையில் கொண்டுவந்து இறக்கினார்கள். நான்கு வருஷமாயிற்று. அம்மா ஒவ்வொரு சனிக்கிழமையும் திட்டிக்கொண்டே எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றுவார்.

பிறகு எனக்கு மாப்பிள்ளை பேசினார்கள். குழுக்காரர் இருவரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

"கடைசியா ஒருக்கா வாசிப்பம்" என்றார் ஆசிரியர்.

கலியாணமாகியும் வாராவாரம் வந்து வாசித்துக்கொண்டிருந்த மனிதர் சொல்கிறார். பாடுகிறவள் பெண் என்றால் மட்டும் தாலியோடு தொண்டையும் கட்டிவிடும் என்று நினைப்பு. எனக்கு எரிச்சல் வந்தது. பயமும் வந்தது, மறைப்பானேன். பாட்டை எடுத்துவிட்டால் என் நாளில் அலுவலகக் கோப்புகள்தான் மிஞ்சும்.

மாப்பிள்ளையின் தாய் வீடு பார்க்க வந்தார். என் அறையை எட்டிப் பார்த்தார்.

"இந்தச் சாமானெல்லாம் கலியாணத்துக்கு முதல் அனுப்பிரலாம்தானே? தாலி கட்டின மறுகா புள்ளைக்குப் பாட்டு என்னத்துக்கு?"

நான் அம்மாவைப் பார்த்தேன். நான்கு வருஷமாக அந்த ட்ரம்மை விரட்ட வழி தேடியவர். இப்போது வழி தானாக வந்து கதிரையில் உட்கார்ந்திருக்கிறது.

அம்மா தேத்தண்ணியை நீட்டினார். "இது என்ட புள்ளைக்கு எழுதின வீடு, மச்சாள். அவ ஒரு இடமும் போகல்ல. உங்கட மகன்தான் வாறார். அவருக்கு இடம் காணுமா எண்டு ஒருக்கா வந்து பாக்கச் சொல்லுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்தவர் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த கிழமை அவர் மகன் வந்தார். ட்ரம்முக்கும் சுவருக்கும் நடுவே சாண் சாணாக அளந்தார். இரண்டாம் முறையும் அளந்தார். பிறகு என்னைப் பார்க்காமல், ட்ரம்மைப் பார்த்துச் சொன்னார்:

"என்ட அலுமாரி விறாந்தையில இரிக்கட்டும்."