ஆச்சரியக்குறி முதலா, அட் முதலா

இணையம் வீடுகளுக்கு வராத காலம். கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் வேலை பார்த்தேன். மின்னஞ்சல்களுக்கு நான்தான் பொறுப்பு.

கணக்குப் பிரிவு அக்கா ஒரு துண்டுச்சீட்டோடு வந்தார்.

"அம்மணி, இது என்ற தம்பியோட அட்ரஸு. அமெரிக்காவுல யுனிவர்சிட்டில இருக்கறான். சேதி ஒண்ணு அனுப்போணும்."

தம்பி அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டதால் சத்தியமங்கலத்தில் இருந்த அப்பா பேச்சை நிறுத்தியிருந்தார். இப்போது அவருக்கு உடம்பு சரியில்லை. "அப்பா உன்னையக் கேக்கறாரு, வந்துட்டுப் போ கண்ணு" என்று அக்கா சொல்லச் சொல்ல, ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பினேன்.

வந்த பதில் வேறொருவருடையது. "நான் உங்கள் தம்பி இல்லை, பெயர்தான் ஒன்று. தமிழைப் பார்த்ததும் கடைசிவரை படித்துவிட்டேன், மன்னியுங்கள். படித்த கையோடு மதுரையிலிருக்கும் என் அப்பாவுக்குப் போன் போட்டேன்."

அக்கா முகம் வாடிவிட்டது. ஆனாலும், "யாரு பெத்த புள்ளையோ, அவிங்கப்பா நல்லாருக்கோணும்" என்றார்.

நான் சீட்டை மறுபடி பார்த்தேன். தம்பியின் துறைக் கணினியின் பெயர், ஆச்சரியக்குறி, தம்பி பெயர், பிறகு '@' என்ற அட் குறி, பல்கலைக்கழகம். பழைய ஆச்சரியக்குறி முறையில் இடப்பக்கத்துக் கணினிக்குத்தான் முதலில் போக வேண்டும். அட் முறையில் வலப்பக்க இடமே முதலில், அங்கிருந்துதான் இடப்பக்கத்துக் கணினிக்கு. இரண்டும் கலந்து வந்ததும் எங்கள் கணினி இடப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. பெங்களூரில் அதே பெயரில் ஒரு கணினி இருந்தது. கடிதம் அங்கே போய், அங்கிருந்து பல்கலைக்கழகம் சேர்ந்தபோது தம்பியின் துறைக் கணினியின் பெயர் உதிர்ந்துபோயிருந்தது. தம்பியின் பெயரே உள்ள இன்னொருவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டும் கலந்து வந்தால் அட் குறிக்குப் பின்னால் இருக்கும் இடத்துக்கே முதலில் போக வேண்டும் என்று எங்கள் கணினியில் மாற்றினேன். கடிதத்தை மறுபடி அனுப்பினோம். அக்கா தினமும் சாப்பாட்டு நேரத்தில் எட்டிப் பார்ப்பார். "வந்துபோடுச்சா?" "இன்னும் இல்லீங்கக்கா."

ஒரு காலையில் வந்திருந்தது. "டிக்கெட் போட்டாச்சுக்கா. அவளையும் கூட்டிட்டு வாரேன்." அக்கா நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவர்கள் வந்த முதல் நாள் அப்பா பேசவேயில்லையாம். மறுநாள் காலையில் மருமகளிடம், "மஞ்சக்காட்டப் பாக்கறயா அம்மணி?" என்று கேட்டு, தடியை ஊன்றிக்கொண்டு மஞ்சள் வயலைக் காட்ட முன்னால் நடந்தாராம்.