தெளிந்த தண்ணீர்

நெளுக்குளத்தில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே கிணறுதான். தம்பி வயிற்றோட்டத்தில் கிடந்து பிழைத்தபின் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். கிருமி நீக்கிய போத்தல் ஒன்றைத் தந்து, பரிசோதனைக்குக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி வைக்கச் சொல்லிவிட்டு அடுத்த கிணற்றைப் பார்க்கப் போனார்.

நிரப்பியது பக்கத்து வீட்டு மாமி. போத்தலைத் தூக்கிப் பார்த்தேன். மழைக்கு மறுநாள் எங்கள் கிணறு ஒருபோதும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

"மாமி, இது தேத்தாங்கொட்டை உரைச்சுத் தெளிய வைச்ச குடத்துத் தண்ணியெல்லோ?"

"பின்னை, பெரிய மனிசருக்குக் கலங்கல் தண்ணியோ குடுக்கிறது? பள்ளிக்கூடம் போனவளுக்கு மரியாதை தெரியேல்லை!"

மரியாதைதானா, கிணற்றை மூடிவிடுவார்கள் என்ற பயமா? தம்பி இன்னும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தான். பரிசோதகர் திரும்பி வந்ததும் விஷயத்தைச் சொல்லி வேறு போத்தல் வாங்கினேன். வாளியை நானே இறக்கினேன்.

அம்மா பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "கொஞ்சம் தெளிய விட்டுக் குடுத்தால் என்ன, பிள்ளை?"

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அன்று அம்மாவையும் நம்பவில்லை. பரிசோதகர் சைக்கிளில் ஏறிக் கைநீட்டும்வரை கலங்கல் தண்ணீர்ப் போத்தலை என் கையிலேயே வைத்திருந்தேன்.