கறுப்புத் துணி வாங்காத தையல்காரர்

மாவட்டம் பிரிந்த மறுவருஷம், 1966இல், தருமபுரிக் கடைவீதியை அகலப்படுத்த முன்வரிசைக் கடைகளை இடித்தார்கள். அவற்றுக்குப் பின்னால், பகலிலும் இருட்டான ஒரு கடையில் அந்தத் தையல்காரர் இருந்தார். ஒல்லியான மனிதர், கழுத்தில் எப்போதும் அளவு நாடா. என் கறுப்புக் கோட்டுத் துணியை இரண்டு தடவை திருப்பிக் கொடுத்திருந்தார்.

"இந்த இருட்டுல கறுப்புல கறுப்பு நூலு தெரியாதுங்க."

இடிப்பதற்குப் போட்ட சுண்ணாம்புக் கோடு அவர் வாசற்படிக்கு முன்னால் நின்றுவிட்டது. தினமும் காலையில் அதை வந்து பார்ப்பார்.

"உங்க கடை தப்பிச்சிடுச்சே" என்றேன்.

"மெதுவாப் பேசுங்க சார். கேட்டா மாத்திப் போட்டுடுவாங்க."

முன்கடையின் சுவர் விழுந்த காலையில் வெயில் நேராக அவர் மிஷின்மேல் அடித்தது. புழுதி அடங்குமுன் ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"அந்தத் துணி வூட்ல இருக்குதுங்களா? எடுத்தாங்க, இப்பவே."

அந்தக் கோட்டை இன்றும் வெயிலில் பிடித்துப் பார்க்கிறேன். தையல் எங்கே என்று தெரிவதில்லை.