விற்றவர் பெயர்

அந்தப் பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது ஆண்கள் போடும் ரப்பர் செருப்பைப் போட்டிருந்தாள். அதுவும் அவளுக்கு இறுக்கமாகத்தான் இருந்தது. வார் அழுத்திய இடத்தில் சதை குழிந்திருந்தது. செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளிய பிறகும் அந்தக் குழி மேலே எழும்பவில்லை. வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். வீடு ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில். தினமும் விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிக் கடல் பாலம் கடந்து அக்கரையிலுள்ள புக்கிட் தெங்காவுக்கு வேலைக்குப் போய் வருகிறவள். மூன்று மாதமாகக் கால் வீங்குகிறது, தூக்கம் இல்லை. மருத்துவமனையில் சிறுநீரைச் சோதித்த டாக்டர், முகத்துக்கு என்ன போடுகிறாய் என்று கேட்டிருக்கிறார். அதன் பிறகுதான் அவளுக்கு எங்கள் நினைவு வந்திருக்கிறது. அவள் முகம் நன்றாக வெளுத்திருந்தது. காதுக்குக் கீழே அவளுடைய பழைய நிறம் தொடங்கியது.

நான் அப்போது, நுகர்வோர் குறைகளைக் கேட்கும் பயனீட்டாளர் சங்கத்தின் பத்திரிகையில் தமிழ்ப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளி ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு நாற்பது வயதில் வந்து சேர்ந்தவன். சங்கம் எனக்கு முந்தைய தலைமுறையில் தொடங்கப்பட்டது. தராசில் குறையும் மீனையும் சாயம் கலந்த மிளகாய்த் தூளையும் பற்றிப் பேச ஓர் இடம் வேண்டும் என்று சிலர் கூடி ஆரம்பித்தார்கள். அரசாங்கத்திடமும் கம்பெனிகளிடமும் கை நீட்டுவதில்லை என்பது முதல் கூட்டத்திலேயே எடுத்த முடிவு. அந்த முடிவு இன்றும் மாறவில்லை. மழை பெய்தால் மாடிப்படிக்குக் கீழே வாளி வைக்கும் வழக்கமும் மாறவில்லை. ஆனால் வாளியைத் தாண்டிக்கொண்டு ஆட்கள் வந்தபடியே இருந்தார்கள். ஓடாத காற்றாடி, கட்டாத வீடு, பூத்துப்போன மாவு, வராத காப்புறுதிப் பணம் என்று எல்லாம் முதலில் வந்து சேரும் இடம் புகார்ப் பிரிவு. அங்கே இருபது ஆண்டுகளாக உட்கார்ந்திருந்தவரைப் பெரியவர், சிறியவர் என்ற வேறுபாடில்லாமல் எல்லோரும் ‘அக்கா’ என்றே கூப்பிட்டோம். என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர்.

அக்கா யாருக்கும் ஆறுதல் சொல்லி நான் பார்த்ததில்லை. ஒரு குவளை தண்ணீர் கொடுப்பார். அதற்குமேல் எழுதத் தொடங்கிவிடுவார். சோறு வேகாத மின்சாரப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருவர் அரை மணி நேரம் கத்தித் தீர்த்தார். அக்கா அத்தனையையும் எழுதி முடித்துவிட்டு, “கோவம் பானை மேலயா, கடைக்காரர் மேலயாண்ணே? அது தெரிஞ்சாத்தான் யாருக்கு லெட்டர் போடுறதுன்னு முடிவு பண்ணலாம்” என்றார். கேலி செய்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். வந்தவருக்கு அது இல்லை. யோசித்து, “கடைக்காரன் மேலதான் லா” என்றார். வேலை அப்படித்தான் நடக்கும்.

செருப்புக்காரப் பெண்ணின் புகாரையும் அக்கா அதே மாதிரிதான் எழுதினார். வாங்கிய பொருள், வாங்கிய நாள், போட்ட விதம். ‘விற்றவர் பெயர்’ என்ற இடம் வந்ததும் அந்தப் பெண் தயங்கினாள்.

“அவங்க பேரு வேணாங்கா. நல்லவங்க. என் கல்யாணத்துக்குக் காசு வாங்காம மருதாணி போட்டு விட்டாங்க. அவங்களுக்கும் இதுல என்ன கலந்திருக்குன்னு தெரிஞ்சிருக்காது.”

கைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். தயாரித்தவர் பெயரோ சுகாதார அமைச்சின் பதிவு எண்ணோ எதுவும் அதில் இல்லை. மூடியில் ஒட்டிய வெள்ளைத் தாளில் யாரோ பேனாவால் ஒரு கைப்பேசி எண்ணை எழுதியிருந்தார்கள். அதில் இரண்டு ஏழுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குறுக்குக் கோடு. அக்கா டப்பாவைக் கையில் எடுத்தார், பார்த்தார், ஒரு உறையில் போட்டு ஒட்டினார். விற்றவர் பெயரை வெற்றாக விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனார். பக்கத்து மேசையில் இருந்த எனக்கு அவரிடம் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

மறுநாள் காலை அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு செயலாளர் அறைக்குப் போனார். செயலாளர் ஓய்வுபெற்ற வழக்கறிஞர். கோப்பை அவர் முன்னால் வைத்து, நின்றபடியே அக்கா சொன்னார்: “இத நான் பாக்கக் கூடாது சார். டப்பா மேல இருக்கிறது என் தங்கச்சி கையெழுத்து.”

தங்கை ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில், இருவரும் வளர்ந்த வீட்டின் முன்னறையையே அழகு நிலையமாக்கி வைத்திருந்தார். நூலால் புருவம் திருத்துவதில் நல்ல பெயர். கல்யாணப் பெண்களுக்கு மருதாணியும் அலங்காரமும் செய்வார். அவர்களோடு பேச்சுவாக்கில் இந்தக் கிரீமையும் விற்றிருக்கிறார். முதல் நாள் மாலையே அக்கா அங்கே போய், இதை விற்காதே, நீயும் போடாதே என்று சொல்லிப் பார்த்திருக்கிறார்.

“சிரிக்கிறா சார். ‘உனக்கு எதுலதான் குத்தம் தெரியல? பாசார்ல முட்டை வாங்குனாக்கூட ஆட்டிப் பாக்குற ஆளு நீ. மொதல்ல ரிசல்ட் வரட்டும்’னு சொல்றா. அவ சொல்றதும் சரிதான். ரிசல்ட் இல்லாம நாமளும் யாரையும் ஒண்ணும் சொல்றதில்லையே.”

சங்க ஊழியர்களில் தமிழ் படிக்கத் தெரிந்த இன்னொருவன் நான்தான். அதனால் கோப்பு என் கைக்கு வந்தது. சோதனைக்கூடத்தின் முடிவு வர இரண்டு வாரம் ஆனது. அனுமதித்த அளவைப் பல மடங்கு தாண்டிய பாதரசம் என்று அதில் இருந்தது. பாதரசம் தோலை வெளுக்க வைக்கும். தோல் வழியாகவே உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பையும் பிடிக்கும். அமைச்சின் அமலாக்கப் பிரிவுக்கு நான் கடிதம் எழுதினேன். செயலாளர் அதைப் படித்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டார்.

“நாளைக்குக் காலைல லெட்டர் போகுது. அதுக்கு முன்னாடி நீங்க தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னா சொல்லிக்குங்க. நான் கேக்க மாட்டேன்.”

அக்கா மேசைமேல் இருந்த கடிதத்தை அவர் பக்கமாகவே நகர்த்தி வைத்தார். பிறகு, “சொன்னா டப்பாவெல்லாம் வேற எடத்துக்குப் போயிடும் சார். அங்கேருந்து இன்னொரு பொண்ணு வாங்கிப் போடும்” என்றார். கதவருகே போனவர் திரும்பி, “லெட்டர நாளைக்கு வேணாம். இன்னிக்கே அனுப்பிடுங்க” என்றார்.

அன்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லிவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். உடன்பிறந்தவரைவிட ஒரு கோப்பு பெரிதா என்று எனக்குத் தோன்றியது. கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நானே என்றாலும் அப்படி நினைப்பது எனக்குச் சுலபமாகவும் இருந்தது. உறவு முறிந்தால் அந்தப் பழி என்மேல் விழாது என்று தெரியும்.

அதிகாரிகள் ஒரு சனிக்கிழமை, கல்யாண வீட்டுப் பெண்கள் நிறைந்திருந்த நேரத்தில் போனார்கள். கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டிகளை எல்லோர் முன்னாலும் வெளியே தூக்கி வந்தார்கள். தங்கை அக்காவிடம் தொலைபேசியில் கேட்டது ஒரே கேள்வி: “இவங்க வருவாங்கன்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா?” அக்கா, “தெரியும்” என்றார். அதோடு பேச்சு நின்றது. அந்தத் தீபாவளிக்கு அக்கா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். கைப்பேசியைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். இரண்டு முறை அது அடித்தது. இரண்டுமே யாரோ வாழ்த்துச் சொன்னது. கிரீமை நிறுத்திச் சிகிச்சை எடுத்துக்கொண்ட அந்தப் பெண்ணுக்கு வீக்கம் வடிந்துவிட்டது என்று செய்தி வந்தபோது அக்கா அதைப் படித்துவிட்டு, “நல்லது” என்றார். கோப்பில் குறித்துக்கொள்ளும்படி என்னிடம் நீட்டினார்.

ஏறக்குறைய ஓராண்டு கழித்து ஒரு திங்கட்கிழமை, வரிசையில் நான்காவது ஆளாகத் தங்கை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அக்காவும் பார்த்தார். ஆனால் முன்னால் வந்த மூவரையும் முடித்துவிட்டுத்தான் அவரைக் கூப்பிட்டார். நான் எழுந்து, கோப்பு என்னிடம் இருக்கிறது, நான் எழுதிக்கொள்கிறேன் என்றேன். தங்கை வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“நீங்களும் இருங்க சார். ஆனா அவ எழுதட்டும்.”

தங்கை இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தார். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. அதிகாரிகள் கண்ணில் படாத டப்பாக்கள் குளியலறை அலமாரியில் இருந்திருக்கின்றன. கோபத்தில், அக்கா போடாதே என்று சொன்னதற்காகவே, அவற்றைத் தினம் இரண்டு வேளை போட்டிருக்கிறார். முதலில் நூல் கையில் நிற்காமல் போயிருக்கிறது. பிறகு ஒரு நாள் புருவம் திருத்த வந்தவருடைய இமை கீறி இரத்தம் வந்திருக்கிறது. அன்றே கடையைச் சாத்திவிட்டு மருத்துவமனைக்குப் போனவருக்கு, சிறுநீர்ச் சோதனையில் காரணம் தெரிந்தது. கிரீமை விட்டதும் வெளுத்த முகம் திட்டுத் திட்டாக முன்னைவிடக் கறுத்தது.

அக்கா எப்போதும் கேட்கும் கேள்விகளையே கேட்டார். பெயரைக் கேட்டார், வயதைக் கேட்டார், தானும் வளர்ந்த அந்த வீட்டு முகவரியைக் கேட்டார். தங்கை ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். விற்றவர் பெயருக்கு, எல்லைக்கு அப்பாலிருந்து காரில் சரக்குக் கொண்டுவரும் ஒருவருடைய பெயரையும் கார் எண்ணையும் சொன்னார். ஓராண்டாக அதிகாரிகள் கேட்டும் சொல்லாதது அது.

“அதுக்குக் கீழ என் பேரையும் எழுது” என்றார்.

“புகார் குடுக்கிறவங்க பேர அங்க எழுத மாட்டோம்.”

“எழுது லா. அந்தப் பொண்ணு என்னைப் பாக்க வந்துச்சு. இவ்ளோ நடந்தும் என் பேர உங்ககிட்ட சொல்லலையாமே. நான்தானே வித்தேன்? எத்தனை பேருக்கு வித்தேன்னு எனக்குத்தானே தெரியும்?”

அக்கா எழுதினார். எழுதும்போது எழுத்து ஒரே சீராக இருந்ததைக் கவனித்தேன். முடித்ததும் வழக்கம்போலத் தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தார். தங்கையால் அதை ஒரு கையால் தூக்க முடியவில்லை. அக்கா குவளையின் அடியைப் பிடித்துக்கொண்டார். தங்கை குடித்து முடிக்கும்வரை இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

சரக்குக் கொண்டுவந்தவர் பிடிபட்டார். தங்கையும் நீதிமன்றம் போய் அபராதம் கட்டினார். சிகிச்சையில் கை நடுக்கம் மெல்லக் குறைந்தாலும் நூல் பிடிக்கும் அளவுக்கு நிதானம் வரவில்லை. இன்று வேறொரு பெண்ணை வேலைக்கு வைத்துத்தான் கடையை நடத்துகிறார். அக்கா ஓய்வுபெற்று அதே கட்டடத்தில், தங்கை வீட்டுக்கு இரண்டு மாடி மேலே குடியிருக்கிறார். புகார்ப் பிரிவு இப்போது என் பொறுப்பில். யாரும் வரிசையில் காத்திருப்பதில்லை. டப்பாக்கள் கைப்பேசியில் படங்களாக வருகின்றன. பெயர் மாறும், நிறம் மாறும், உள்ளே இருப்பது பெரும்பாலும் அதேதான். ஒவ்வொரு முறையும் என் ஞாபகத்துக்கு வருவது, புகார் கொடுத்த பிறகு தங்கை தான் விற்ற வீடுகளுக்கெல்லாம் போய்க் கிரீமைத் திரும்பக் கேட்ட அந்தச் சனிக்கிழமைகள். அக்கா துணைக்குப் போனார்; பத்திரிகையில் எழுதுவதற்காக நானும் போனேன்.

சிலர் கொடுத்தார்கள். சிலர் தீர்ந்துவிட்டது என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். ஒன்பதாவது மாடியில் ஓர் அம்மாள் மட்டும் எங்களை நிற்க வைத்து வாதாடினார். மகளைப் பெண் பார்க்க அடுத்த மாதம் ஈப்போவிலிருந்து வருகிறார்களாம்.

“இப்பத்தான் முகம் நல்லாத் தெளிஞ்சு வந்திருக்கு. இந்த நேரத்துல நிறுத்தச் சொன்னா எப்படிம்மா? சூசா லா, ரொம்பக் கஷ்டம். வந்துட்டுப் போகட்டும், அப்புறம் நிறுத்திக்கிறோம்.”

அக்கா சோதனை முடிவை எடுத்து நீட்டி, பாதரசம் என்ன செய்யும் என்று விளக்கத் தொடங்கினார். அந்த அம்மாளின் கண் தாளில் பதியவே இல்லை. தங்கை முக்காடாகப் போட்டிருந்த துப்பட்டாவை விலக்கித் தன் முகத்தை வெளிச்சத்தில் காட்டினார். அம்மாள் ஒரு கணம் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். மகள் அம்மாவுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“அப்ப நான் என்ன போடுறது ஆண்ட்டி?”

அக்கா சோதனை முடிவை மடித்துக்கொண்டார். எந்தப் பொருளைப் போடக்கூடாது என்று சொல்வதுதான் எங்கள் வேலை. தங்கை அந்தப் பெண்ணை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்து, “மாப்பிள்ள என்ன கலருங்க?” என்று கேட்டார்.

அம்மாள் எதிர்பார்க்கவில்லை. “நம்மள மாதிரிதான். கொஞ்சம் கறுப்புன்னுகூடச் சொல்லலாம்.”

“அவரு என்ன கிரீம் போடுறாராம்?”

மகள்தான் முதலில் சிரித்தாள். அம்மாவுக்குக் கோபம் வந்தது, கோபத்தோடே சிரிப்பும் வந்துவிட்டது. அதை மறைக்க உள்ளே போனார். இருபது ஆண்டு புகார் எழுதியதில் ஒரு தடவைகூடச் சிரிக்காத அக்கா, மின்தூக்கி இருந்த பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. உள்ளே அலமாரி திறக்கும் சத்தமும் கரண்டி எதையோ சுரண்டும் சத்தமும் கேட்டன. அம்மாள் டப்பாவைக் கொண்டுவந்து தங்கையின் கையில் வைத்தார். தங்கை அதை என்னிடம் கொடுத்தார். குறித்துக்கொள்வதற்காக மூடியைத் திறந்தேன். அடிவரை வழித்திருந்தது.