கிராதித் துணியில் மஞ்சள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகால் மணி. மாதா கோயில் சுவர்க் கடிகாரத்தை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். அன்று பூசை கொஞ்சம் நீண்டுவிட்டது, வீட்டில் சின்னவள் காய்ச்சலோடு படுத்திருக்கிறாள், போய்க் கஞ்சி வைக்க வேண்டுமே என்ற கவலை எனக்கு. அந்த நிமிஷத்தில் ஆரம்பித்ததுதான், இன்னும் முடியவில்லை.

நீங்கள் நம்புவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்கமாட்டேன். சேலத்தில் கன்னியர் மடத்துப் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு, பாலக்கோட்டுப் பக்கம் இந்தப் பங்குப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள் நான். முனி அடித்தது, காத்துக் கருப்பு பட்டது என்று தாயத்துக் கட்டிக்கொண்டு வரும் பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பேய்க்கதை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன்.

என் மூத்த மகள் தெரேசம்மாள். நல்லம்பள்ளிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன் முனிரத்தினத்தைக் கட்டிக்கொண்டாள். அவன் இந்து. அவர்கள் வீட்டு முறைப்படி, அவர்கள் வீட்டு வாசலிலேயே கல்யாணம். தகப்பன் இல்லாத பெண், அவள் சந்தோஷமாக இருந்தால் போதும் என்று நான் போய் நின்றேன். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் பங்குச் சாமியார் அவள் பேரைச் சொல்லியே அறிவித்துவிட்டார். கோயிலுக்கு வெளியே கல்யாணம் செய்துகொண்டவளுக்கு இனி நன்மை, அதாவது பூசையில் கொடுக்கிற அப்பம், கிடையாது, செத்தால் மந்திரித்த கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது.

அன்றிலிருந்து கோயிலில் நான் பாயில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். மாதா சபைத் தலைவி மதலேனம்மாள் ஒருநாள் கிணற்றடியில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஏன் டீச்சரம்மா, ஊருப் பிள்ளைங்களுக்கெல்லாம் ஞானோபதேசம், ஒங்க வூட்டுப் பிள்ளைக்கு மட்டும் மஞ்சக் கயிறுங்களா?" என்றாள். சிரித்தார்கள். நான் தண்ணீரைச் சேந்திக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் கோயிலில் பீடத்துக்கு முன்னால் ஒரு மரக் கிராதி உண்டு. நன்மை வாங்குகிறவர்கள் அதன் முன்னால் வரிசையாக முழந்தாளிடுவார்கள். கிராதியின் மேல் ஒரே நீளமாக வெள்ளைத் துணி போட்டிருக்கும். அப்பம் தவறினாலும் தரையில் படக்கூடாது என்று எல்லோரும் அந்தத் துணியைத் தூக்கி மோவாய்க்கடியில் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் இழுத்தால் பக்கத்தில் இருப்பவர் கைக்குத் தெரியும். அதைச் சனிக்கிழமைதோறும் துவைத்து நீலம் போட்டுக் கொண்டுவந்து விரிப்பவள் நான்.

அன்று முதல் வரிசைப் பெண்கள் போய் முழந்தாளிட்டுவிட்டார்கள், நான் பின்னால் நின்றிருந்தேன். முந்தின நாள் மழை. எல்லோருடைய உள்ளங்காலிலும் செம்மண் சேறு. மதலேனம்மாளுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு ஜோடிப் பாதம் சேறே இல்லாமல் மஞ்சளாக இருந்தது. இடது குதிகாலில் ஒரு தழும்பு. சிறுவயதில் அடுப்புக் கங்கை மிதித்த தழும்பு, அதற்கு மருந்து போட்டவளே நான்தான். தாய்க்குப் பிள்ளையின் கால் தெரியாதா?

ஈரப் புடவையில் முக்காடு. துணியைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்திருந்தாள். சாமியார் வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்தார். அவளிடம் வந்தார், லத்தீனில் முணுமுணுத்தார், அவள் நாக்கில் அப்பத்தை வைத்தார், அடுத்தவளிடம் போனார். எனக்கு வந்தது பயம் அல்ல, சந்தோஷம். சாமியார் மனம் இளகிவிட்டார், பிள்ளை பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து சேர்ந்துகொண்டாள், என்னிடம்கூடச் சொல்லாமல் வந்திருக்கிறாள் பார் என்று நினைத்தேன். வரிசை எழுந்தது. அவளைக் காணவில்லை.

வெளியே வந்ததும் பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "என்ன தெகிரியம்மா ஒம் பொண்ணுக்கு!" "சாமி பேரச் சொல்லித் தடுத்திருக்காரு, கிராதிக்கே வந்துட்டா!" "நீங்களாச்சும் சொல்லக்கூடாதுங்களா டீச்சரம்மா?" ஒருத்தி இல்லை, ஏழெட்டுப் பேர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தது நான் மட்டும் இல்லை. மதலேனம்மாள் மட்டும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேகமாகப் போனாள்.

கிணற்றடி, பள்ளிக்கூடம், என் வீடு, எங்கே தேடியும் தெரேசு இல்லை.

பிற்பகல் ஒரு கூண்டு வண்டி கோயில் வாசலில் வந்து நின்றது. முனிரத்தினம் மாட்டுக்கு முன்னால் நடந்தே வந்திருந்தான். என்னைக் கண்டதும் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அத்தை, விடியறதுக்கு முன்னாடியே தெரேசு போயிட்டா அத்தை. காய்ச்சலு. ராவெல்லாம் சாமியாரக் கூப்புடுங்க, நன்மை வாங்கணும்னே சொல்லிக்கிட்டிருந்தா. எங்க போயி என்னன்னு கேக்கறதுன்னு எங்களுக்குத் தெரியலீங்க. எங்கம்மாதான் மஞ்சப் பூசிக் குளிப்பாட்டினாங்க. அவங்கப்பா கல்லறைப் பக்கத்துல வெக்கறேன்னு அவளுக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

வண்டிக்குள் பாயை விலக்கினேன். அதே ஈரப் புடவை. கையும் காலும் மஞ்சள். ஏழேகால் மணிக்கு இந்த வண்டி எங்கோ வழியில் வந்துகொண்டிருந்திருக்கிறது.

அந்த நேரத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை. அவளுக்கு மந்திரித்த மண் வேண்டும், அது ஒன்றுதான் புத்தியில் இருந்தது. நான் கேட்டதும் சாமியார் படியில் நின்று, "சட்டம் நான் போட்டதில்லம்மா. சாகும்போது அவஸ்தை எண்ணெய் பூசல, பாவசங்கீர்த்தனம் இல்ல. என்னால முடியாது" என்றார்.

"காலையில நீங்கதானே சாமி அவ நாக்குல நன்மை வெச்சீங்க?"

அவர் ஒரு படி மேலே ஏறிக்கொண்டார். "முக்காட்டுக்குள்ள இருக்கற முகத்த நான் பாக்கறதில்ல" என்றார். சொல்லும்போது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அங்கியில் துடைத்துக்கொண்டார். நான் பார்த்தேன்.

உள்ளே ஓடிப்போய்க் கிராதித் துணியை உருவி எடுத்து வந்தேன். மதலேனம்மாள் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், இரண்டு கைகள் பிடித்த இடத்தில், மஞ்சள் விரல்கள் தெளிவாகப் பதிந்திருந்தன. அதை என் பிள்ளையின் கையோடு வைத்துக் காட்டினேன். "கறை யாரு வேணும்னாலும் வெக்கலாம்" என்றார் சாமியார். திரும்பி ஜனங்களைப் பார்த்து, "இங்க யாராச்சும் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

காலையில் என்னைத் திட்டிய ஏழெட்டுப் பேரும் அங்கேதான் நின்றார்கள். ஒருத்தி குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். ஒருத்தி வானத்தைப் பார்த்தாள். மதலேனம்மாள் தூணுக்குப் பின்னால் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, ஞானஸ்நானம் பெறாமல் செத்த சிசுக்களைப் புதைக்கும் கள்ளிக்காட்டில், முனிரத்தினமும் வண்டிக்காரனும் குழி வெட்டினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நேர் எதிரே அவள் அப்பா. மணி அடிக்கவில்லை. ஜெபம் நான் சொன்னேன்.

அந்தத் துணி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மஞ்சள் கறை சோப்புப் பட்டால் சிவக்கும், வெயிலில் காயவைத்தால் மறைந்துபோகும், இது எந்தப் பெண்ணுக்கும் தெரியும். இந்தக் கறை சிவக்கும், வெயிலில் உலர்ந்ததும் மறுபடி மஞ்சளாகவே நிற்கும். எத்தனை கோடை பார்த்தாயிற்று. கோயிலுக்குப் புதுத் துணி தைத்துவிட்டார்கள். சின்னவள் இப்போது பெரியவளாகி நன்மை வாங்கப் போகிறாள். அவள் முழந்தாளிடும் ஒவ்வொரு ஞாயிறும் நான் கண்ணை மூடாமல் அவள் உள்ளங்காலையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். சேறு இருந்தால்தான் எனக்கு மூச்சு வருகிறது.

புதைத்த வாரத்துச் சனிக்கிழமை சாயங்காலம், துவைக்கிற கல்லில், கறை பட்டபின் முதல்முறையாக, அந்தத் துணியைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். யாரோ பின்னால் நிற்பது தெரிந்தது. மதலேனம்மாள். அந்த வாரம் முழுக்க என் வாசலுக்கு வந்த முதல் ஆள் அவள்தான். கல்லுக்குப் பக்கத்திலேயே, ஈரத்தில், முழந்தாளிட்டாள். துணியின் கறையைத் தொடப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"எம் பக்கத்துலதாங்க இருந்தா டீச்சரம்மா. கை பட்டுது. அப்பிடி ஒரு சில்லிப்பு. மெதுவாத்தான் கேட்டா, 'கொஞ்சம் தள்ளிக்குங்கக்கா, எனக்கும் எடம் வேணும்'னு."

நான் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன்.

"நான் தள்ளிக்கலீங்க" என்றாள்.