வீதிக்கு அந்தப் பக்கம் நின்று எடுத்த படம்

“இத்தாவில இரிக்கிற பொம்புள கடலைப் படம் எடுக்கலாமா, டீச்சர்?”

நஸீமா டீச்சர் ஒருமுறை தொலைபேசியில் என்னிடம் இப்படிக் கேட்டார். சென்ற வாரம் அவருடைய மகள் அழைத்து, “உம்மா வபாத்தாயிட்டாங்க. அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்” என்று சொன்னதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தக் கேள்விதான்.

அவரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கற்பிட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் படிப்பித்து ஓய்வுபெற்ற நாங்கள் சிலர், வாரம் ஒரு தலைப்பில் கைப்பேசியால் படம் எடுத்து வட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். தலைப்பை ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சொல்வேன். படம் அந்த வாரத்திலேயே எடுத்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. உதாரணமாக, ‘நிழல்’ என்றால் எங்களில் பலர் தென்னை மர நிழலை அனுப்புவார்கள். நஸீமா டீச்சர் பாண் வெட்டும் கத்தியின் நிழலை அனுப்புவார். கணிதம் படிப்பித்தவர். “எல்லாரும் ஒரே விடை எழுதினா ஆரோ பாத்து எழுதியிரிக்காங்க” என்று எங்களைக் கேலி செய்வார்.

அவர் கேள்வி கேட்ட வாரத்தின் தலைப்பு ‘கடல்’. கணவர் இறந்து அதிக நாள் ஆகவில்லை. விதவையான பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலத்தில் இருந்தார். தலைப்பை மாற்றட்டுமா என்று கேட்டேன். “கேள்வி கஷ்டம் எண்டு ஆரும் பேப்பரை மாத்துறதா?” என்றார். வெள்ளிக்கிழமை படம் வந்தது. உப்புக் காற்றில் கறள் பிடித்து, செதில் செதிலாக உரிந்த யன்னல் கம்பி. கீழே, “கடல் இங்க வரைக்கும் வந்திரிக்கு” என்று எழுதியிருந்தார்.

நான் துக்கம் விசாரிக்கப் போன நாளில் உறவுக்காரப் பெண் ஒருவர், “மௌத்து ஊட்டில படம் என்னத்துக்கு?” என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டுப் போனார். டீச்சர் வெள்ளை உடுப்போடு கதிரையில் இருந்தபடி சிரித்தார். “இத்தா எனக்குப் பாரமில்ல டீச்சர். அது அவருக்காக நான் இரிக்கிற. வாறவங்கட கதைதான் பாரம்.”

இத்தா முடிந்தது. இனி வெளியே போய்ப் படம் எடுப்பார் என்று காத்திருந்தேன். ஆனால் வந்ததெல்லாம் வீட்டுக்குள் எடுத்த படங்கள். குழாய், மின்விசிறி, அலுமாரியின் கைப்பிடி. முழங்கால் பலவீனத்தால் ஒருமுறை குளியலறையில் விழுந்துவிட்டாராம். பிள்ளைகள் பயந்துபோனார்கள். கட்டாரில் இருக்கும் மகன் தினமும் அழைத்து, “உம்மா எங்க?” என்று கேட்பான். வாசல் கேட்டில் பூட்டுக்கூட இல்லை. பூட்டிய கதவென்றால் உதைக்கலாம். “விழுந்திடுவீங்க உம்மா” என்று கையைப் பிடிக்கும் மகளை என்ன செய்வது? சாப்பாடும் மருந்தும் நேரத்துக்கு வந்தன. கோபப்படவும் வழியில்லை.

“இத்தாவுக்கு ஒரு கடைசி நாள் இரிந்திச்சு. இதுக்கு எந்தக் கலண்டர்ல பாக்க?” என்றார்.

கடலோரக் களப்புக் கரைக்கு அவரை நான் கூட்டிப் போகட்டுமா என்று மகளிடம் கேட்டேன். “நானாட்டக் கேட்டுச் சொல்றன், டீச்சர்” என்று அண்ணனிடம் கேட்டார். வெயில் குறையட்டும் என்று கட்டாரிலிருந்து பதில் வந்தது. வெயில் குறைந்தபோது காற்று கூடிவிட்டது.

பிறகு ‘வாசல்’ என்று ஒரு தலைப்புச் சொன்னேன். நஸீமா டீச்சர் அனுப்பிய படத்தில் ஒரு மதில், ஒரு பச்சைக் கேட், பின்னால் ஒரு சிறிய வீடு. “இது ஆர்ட ஊடு?” என்று குழுவில் ஒருவர் கேட்டார்.

“எங்கட ஊடுதான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிண்டு எடுத்த.”

மகள் லுஹர் தொழுதுகொண்டிருந்த நேரம், கேட்டைத் திறந்துகொண்டு தனியே போயிருக்கிறார். நான் அழைத்தபோது மகள்தான் பேசினார். “லொறி போற ரோடு, டீச்சர்! விழுந்திரிந்தா நானாக்கு நான் என்ன சொல்ற?” பக்கத்திலிருந்து, “விழல்லயே புள்ள” என்று டீச்சரின் குரல் கேட்டது. பிறகு கைப்பேசியை வாங்கி மெதுவாகச் சொன்னார்: “உள்ளுக்க இரிக்கக்குள்ள பெரிய ஊடு எண்டு நெனச்சன். அங்க நிண்டு பாத்தா நெருப்புப்பெட்டி மாதிரி. இதுக்குள்ளயா நான் இவ்வளவு நாளும் இரிந்த?”

அடுத்த வாரத் தலைப்பு ‘புதியது’. அவர் அனுப்பியது ஒரு பூட்டின் படம். கேட்டுக்குப் போட்டிருந்தார்கள். கோபத்தில் போட்ட பூட்டு இல்லை, பயத்தில் போட்டது. அதற்குப் பிறகு அவர் வீதிக்கு வரவில்லை. போன வாரம், தன் கட்டிலிலேயே, தூக்கத்தில் போய்விட்டார்.

ஜனாஸா வீட்டில் மகள் என்னிடம் அந்த வாசல் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். யன்னல் கம்பிக்குப் பின்னால் மங்கலாக ஒரு முகம். “இது நான், டீச்சர். தொழுது முடிச்சு, உம்மா எங்க எண்டு தேடி நிண்ட.” இதையெல்லாம் எழுதலாமா என்று பிறகு அவரிடம் கேட்டேன். “எழுதுங்க. பூட்டையும் எழுதுங்க” என்றார்.

நஸீமா டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த வாசல் படத்தைத்தான்.

உங்கள் வீட்டிலும் வெளியே போகாமல் ஒருவர் இருக்கலாம். இந்த வாரம் அவர் கையில் கைப்பேசியைக் கொடுத்து வீதியின் மறுபக்கம் கூட்டிப் போங்கள். அவர் படம் எடுத்து முடிக்கும்வரை, “போதும், வாங்க” என்று சொல்லாமல் நில்லுங்கள்.